கேள்வி கேட்காத வகுப்பு

மனநோயால் படிப்பை நிறுத்தியவர்களை மறுபடி காலேஜில் சேர்த்துவிடுவது என் தொழில். சேர்ப்பது சுலபம், சேர்த்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் மகா கஷ்டம். பிள்ளையை முதல் நாள் எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மிஸ் விரட்டிவிட்ட மகாஜனங்களே, நீங்களும் நம்ம கட்சிதான்.

காரணம் எழுதும் கட்டம்

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர் மாதையன். அவர் மகள் கலைவாணிக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்சி. கணக்கு இரண்டாம் வருடம் படிக்கும்போது காதுக்குள் யாரோ பேசுகிற மாதிரி கேட்க ஆரம்பித்து, படிப்பு நின்றது. ஆறு வருடம் ஓடிவிட்டது. சிகிச்சையில் குரல்கள் அடங்கி இப்போது நன்றாக இருக்கிறாள். திரும்பச் சேர அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: மறுபடி ஏதாவது அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார். அவர் பயம் அவருக்கு.

விண்ணப்பத்தில் 'இடைநின்ற காரணம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். "மஞ்சக்காமாலைன்னு போட்டுடலாங்க சார்" என்றார் மாதையன், என் காதோரம். எனக்கும் கொஞ்சம் சபலம்தான். கலைவாணி பேனாவை வாங்கி, 'மனநல சிகிச்சை, இப்போது நலம்' என்று எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஆறு வருசமா மஞ்சக்காமாலைன்னா எந்த வாத்தியாருப்பா நம்புவாரு?"

முதல் பீரியட்

படுக்கப் போகும்போது போடும் மாத்திரை காலை பத்து மணி வரை ஆளை விடாது. முதல் பீரியடோ கணக்கு. இரண்டாம் நாளே பெஞ்சில் தலை சாய்ந்துவிட்டது. நான் டாக்டரிடம் ஓடி, மாத்திரையைச் சாயங்காலமே போடுகிற மாதிரி மாற்றி வாங்கினேன். அந்தச் சாதனையோடு கணக்குப் பேராசிரியரைப் பார்த்து, "அது மாத்திரையால வந்த தூக்கம் சார், இனிமே தூங்க மாட்டாங்க" என்று விளக்கினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னாடி பெஞ்சுல ஆறு பேரு தெனமும் தூங்கறானுங்களே, அவனுங்கள எந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்க?"

நான் செய்த பேருதவி

அதோடு திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! கலைவாணியை ஒரு வார்த்தை கேட்காமல் ஒவ்வொரு பேராசிரியராகப் பார்த்து, "கேள்வி கேட்டு நெருக்காதீங்க, போர்டுக்குக் கூப்பிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நல்ல மனிதர்கள், அப்படியே கடைப்பிடித்தார்கள்.

மூன்றாவது வாரம் கலைவாணி என் ஆபீஸுக்கு வந்து ஐடி கார்டை மேஜைமேல் வைத்தாள். இனிமேல் போகப்போவதில்லையாம். யாராவது கிண்டல் செய்தார்களா என்று பதறினேன். அதெல்லாம் இல்லையாம். வகுப்பில் கேள்வி ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டே இருக்குமாம், இவளிடம் வந்ததும் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடுமாம். சொல்லி வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "ஆஸ்பத்திரியிலயாச்சும் டாக்டரு எங்கிட்டக் கேள்வி கேட்டாருங்க சார்!"

தானாகச் சிரித்தவள்

ஒரே ஒரு வாரம் பொறு என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே அதே பேராசிரியர்களை அதே வரிசையில் பார்த்து, சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. கணக்குப் பேராசிரியர் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் மாதையன் போன் செய்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மகள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருகிறாளாம். ஆறு வருடத்துக்கு முன்னால் நோய் ஆரம்பித்தபோதும் இப்படித்தானாம். "வேணாங்க சார், புள்ள வூட்டோடயே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"போர்டுல கணக்கு தப்பாப் போட்டுட்டேன் சார்! 'காலேஜ் வரைக்கும் வந்து மைனஸத் தொலைச்சிட்டு நிக்கறியே'ன்னு கிளாஸே கேக்கற மாதிரித் திட்டினாரு! எல்லாரையும் திட்டற மாதிரியே திட்டினாரு சார்!" மூச்சு விடாமல் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். அப்பா பக்கத்தில் நின்று அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு போனை வாங்கினார். "திட்டுனதுக்குத்தான் சிரிக்குதாமுங்க சார், காலையில பஸ்ஸு ஏத்தி வுட்டுடறனுங்க."

ஒருவரை வகுப்பில் நாலு பேரைப் போலத் திட்டு வாங்க வைப்பதற்கு இத்தனை விண்ணப்பம், இத்தனை நடை, இத்தனை கும்பிடு தேவைப்படுகிற உத்தியோகம் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.