பச்சை உடம்புக்குத் தண்ணீர்

எனக்கு அம்மா இல்லாததால், பிரசவத்துக்குப் பின் என்னைப் பார்த்துக்கொண்டவர் மாமியார்தான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து சேவுகம்பட்டி வீட்டுக்கு வந்தபோது சித்திரை வெயில் கொளுத்தியது. பிள்ளை பால் குடிக்கக் குடிக்க எனக்கு நாக்கு வறண்டது.

“அத்தை, கொஞ்சம் தண்ணி தாங்க.”

“பச்ச ஒடம்பு தாயி. தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும், புண்ணு ஆறாது. நாக்க மட்டும் நனச்சுக்க” என்று இரண்டு மடக்கு சுக்குத் தண்ணீர் தருவார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலியை இடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய மருந்தைக் காலையில் உருட்டி வாயில் ஊட்டுவார். இடுப்பில் எண்ணெய் தேய்த்து, பதமான சூட்டில் வெந்நீர் ஊற்றுவார். வலியெல்லாம் கரைந்து ஓடும். அம்மா இருந்திருந்தால் இப்படித்தான் ஊற்றியிருப்பாள் என்று அழுதிருக்கிறேன். அதே கைதான் தண்ணீர்ச் சொம்பை எட்ட வைத்தது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்த நர்ஸ், “ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?” என்று கேட்டார். எரிகிறது என்றேன். வெடித்திருந்த என் உதடுகளைப் பார்த்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார். “தண்ணி குடுக்கலையாக்கா? பால் குடுக்குற தாய்க்குக் கேக்குறப்பல்லாம் குடுக்கணும்.”

அத்தை விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். நர்ஸ் கிளம்பியதும், சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடி.”

மூச்சு விடாமல் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன் வீட்டுக்காரன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் தாயி. எங்க ஆத்தாகிட்டக் கெஞ்சுனேன். அழுதுக்கிட்டே மாட்டேன்னுருச்சு. குளிக்க ஊத்துறப்ப அண்ணாந்து, வாயில விழுந்ததக் குடிச்சேன்.”

“ஒங்க ஆத்தா மேல கோவம் வரலையா அத்தை?”

“எப்படி வரும்? அதுக்கு முந்தி எங்க அக்கா பேறுகாலத்துல செத்துப்போச்சு. என்னையாவது காப்பாத்தணும்னு, தெரிஞ்சதெல்லாம் செஞ்சுச்சு.”

அந்தக் காலத்து வைத்தியம் செய்தது நல்லதா கெட்டதா என்று பேச்சு வரும்போதெல்லாம், அண்ணாந்து வாய் திறந்த அந்தச் சின்னப் பெண் என் கண்ணில் வருவாள். இடுப்பில் ஓடிய வெந்நீரும் நினைவுக்கு வரும். எது அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். அத்தை கட்டிலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குடத்தை வைத்தார். மருந்தும் கிண்டினார். ஒரு வாய் வாங்கியதுமே நாத்தனார் காரம் தாங்காமல் துப்பிவிட்டாள்.

“இம்புட்டு பாடுபட்டுக் கிண்டியிருக்கேன்டி” என்று சலித்துக்கொண்டே அத்தை ஓர் உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். என்னிடமும் ஒன்று நீட்டினார். வாங்கித் தின்றேன்.