சுவரைத் தொட்டார்

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். மாதக் கடைசியில் வாசலில் லாரி காத்து நிற்கும். அப்போது தேறாத உருப்படிகளையும் தேறியதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மேலாளர் சொன்னார், போட்டேன். பின்னால் வருவது புரிய வேண்டுமானால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மனைவி போன பிறகு மகன் என்னைக் கிருஷ்ணகிரி சாலையில் உள்ள இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தான். இதை நடத்துகிறவரும் தொழிற்சாலைக்காரர்தான். இயந்திரங்களை விட்டுவிட்டுக் கிழவர்களை எடுத்துக்கொண்டவர். ஆயாக்களுக்கு ஏ, பி, சி ஷிப்டு. துடைப்பம் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடு. சாப்பாட்டுக் கூடத்தில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை. யாராவது விழுந்தால் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இங்கே யாரும் விழுவதில்லை. ஒரு அம்மாள் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது, பதிவேட்டில் 'தரையில் அமர்ந்தார்' என்று எழுதப்பட்டது. படித்தவன் என்பதால் அந்த வாக்கியத்தை என்னிடம்தான் கேட்டு வாங்கினார்கள். கொடுத்தேன்.

எங்களை நிறம் பிரித்ததும் என் யோசனைதான். நாற்காலியிலிருந்து எழுந்து, கை கழுவும் இடம் வரை நடந்து, குறித்த நொடிகளுக்குள் திரும்பி வந்து உட்கார வேண்டும். எதையும் தொடக்கூடாது. தேறினால் பச்சை அட்டை. கேட்டைத் தாண்டி வெளியே போகலாம். இல்லாவிட்டால் சிவப்பு, பின்கட்டுக்குப் போக வேண்டும். அங்கே சாப்பாடு கட்டிலுக்கு வரும், கட்டில் எங்கேயும் போகாது. நடுவில் ஒரு நிறம் வேண்டாமா என்று உரிமையாளரே கேட்டார். தேறும், தேறாது, இரண்டே போதும் என்றேன். அவர் எனக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கித் தந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

என் அறையில் இருந்தவர் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தவர். தினமும் காலையில் எதிரே இருந்த டீக்கடைக்குப் போவார். கடைக்காரரோடு கன்னடத்தில் ஒரு மணி நேரம் ஊர் வம்பு பேசிவிட்டு வருவார். இல்லத்தில் எல்லாரும் தன்னிடம் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசுகிறார்கள், அந்தக் கடையில்தான் தன்னை ஆளாக மதித்துத் திட்டுகிறார்கள் என்பார்.

பரிசோதனை நாளன்று காலையில், நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், திரும்புற எடத்துல முட்டி ஒரு இழுப்பு இழுக்குதுங்க. அந்நேரத்துக்கு நீங்க சன்னலப் பாத்துக்குங்க."

விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன்.

"மாங்காயிலயே அழுகுனதத்தான் ஒதுக்குவோம். நான் அழுகலீங்க, பழுத்திருக்கறன்."

நான் சிரிக்கவில்லை.

நன்றாகத்தான் நடந்தார். திரும்பும் இடத்தில் இரண்டு விரலால் சுவரைத் தொட்டார். உரிமையாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார், நர்ஸ் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தவன் நான் ஒருவன்தான். 'சுவரைத் தொட்டார்' என்று எழுதினேன். மேலாளர்களுக்காக முப்பது வருடம் பொய்க் கையெழுத்துப் போட்டவன், ஒரு மனிதர் தனக்காகக் கேட்ட அன்றைக்கு நேர்மையாளன் ஆனேன்.

சாயங்காலமே அவர் கட்டிலைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் மேல் அவரையும் உட்கார வைத்திருந்தார்கள், நடந்து போகிறேன் என்று அவர் சொல்லியும்.

அதன்பின் நான் தினமும் அந்தக் கடையில் பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறேன். முதல் நாட்களில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிறகு குடிக்க ஆரம்பித்தார். சூட்டை அளந்தாயிற்றா என்று கேட்பார். கடைக்காரர் என்ன சொன்னார் என்றும் கேட்பார். எனக்குக் கன்னடம் அரைகுறை. பாதிதான் கொண்டு வர முடிகிறது. கட்டிலை விட்டு இறங்காததில் அவர் முட்டி இப்போது நிஜமாகவே மடங்குவதில்லை. அட்டையின் நிறத்துக்கு ஆள் பொருந்திவிட்டார். அவரை மறுபடி முன்பக்கம் கொண்டுவரச் சொல்லி உரிமையாளரிடம் இரண்டு முறை பேசினேன். என் கையெழுத்துள்ள தாளையே எடுத்துக் காட்டினார்.

போன வாரம் என் முறை வந்தது. ஸ்டாப்வாட்ச் நர்ஸ் கையில். திரும்பும் இடத்தில் தலை சுற்றியது; இரண்டு விரல் இல்லை, உள்ளங்கை முழுவதையும் சுவரில் வைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். குனிந்து 'தேறினார்' என்று எழுதினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நானும் பின்கட்டுக்குப் போனால் அவருக்கு யார் டீ கொண்டு வருவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, பயம்.

மறுநாள் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சரியில்லீங்க சார்," என்றார். "நீங்க போய் எதையும் சொல்லிக் குடுத்துறாதீங்க."