பானட்டில் இரண்டு தட்டு

“இவ்வளவு பழைய ஜெர்மன் கார். கொழும்புக் கம்பனிக்குக் கொண்டு போகாம ஏன் சார் ஹட்டன் கராஜ்ல விடுறீங்க?” என்று பழைய மாணவன் ஒருவன் முன்பு கேட்டான்.

அங்கே மெக்கானிக்காக இருந்த நசீர் நானாவுக்காகத்தான். இஞ்சின் ஓடும்போது அவர் பேசுவது கேட்காது. அதனால் வேலை முடியாவிட்டால் பானட்டில் இரண்டு முறை தட்டுவார். ‘காரை எடுத்துறாதீங்க சார்’ என்று அர்த்தம்.

போன மாதம் அவர் காலமானார்.

இன்று காலை இறம்பொடை இறக்கத்தில் நல்ல பனிமூட்டம். பானட்டில் இரண்டு தட்டு கேட்டது.

“யாருங்க தட்டுறது?” என்றாள் மனைவி.

பழக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி ஆழமாகப் போய்த்தான் கார் நின்றது. வீதியில் யாரும் இல்லை. முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

வீதியோரக் கராஜ் ஒன்றிலிருந்து வந்த மெக்கானிக் சிவா குனிந்து பார்த்தார்.

“பிரேக் குழாய் வெடிச்சிருக்கு சார். அடுத்த வளைவுல நின்னிருக்காது.”

“அந்தச் சத்தம்?”

பானட்டைத் திறந்து வெகுநேரம் தேடினார். “எல்லாம் இறுக்கமா இருக்குங்க. தட்டுறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லையே.”

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். விளக்கம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அதுவரை, நாளை காரை எடுக்கும்போது ரேடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.