இரவல் ஹெடர்

நிரோஜினியைப் பிடிவாதக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பெண். கோப்பாயில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இருக்கும் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு ஸ்கூட்டியில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே யாருடனாவது வாதாடத் தொடங்கிவிடுவாள். பக்கத்து மேசை என்னுடையது என்பதால் அந்த யாரோ பெரும்பாலும் நான்தான்.

நாங்கள் பராமரிப்பது ஒரு டிபக்கரை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே என்ன கோளாறு என்று காட்டும் மென்பொருள் அது. அந்த டிபக்கரே ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சோதனை நிரல்கள் உண்டு. அவற்றை எழுதிய புண்ணியவான்கள் பெரிய கணினிகளில் இருந்து எழுதியவர்கள். கணினிக்குள் எது எந்த அமைப்பில் இருக்கிறது என்று நிரலுக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள், தங்களிடம் இருப்பது போலவே ஊர் உலகமெல்லாம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நிரோஜினியின் பொறுப்பில் இருந்தது சின்னக் கருவிகளுக்கான ஓர் இயங்குதளம். அதில் அவர்கள் கேட்ட ஹெடர் கிடையாது. ஹெடர் இல்லாமல் சோதனை நிரல் ஓடாது. அறிக்கையில் தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு; இவளுக்கோ ‘சோதிக்கப்படவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் வரி வரியாக வரும். அந்தச் சாம்பலை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நிரோஜினி பார்த்தாள். அவளுடைய தம்பி ஜெரிசனின் படகில் ஆழம் காட்டும் கருவி ஒன்று அதே இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. அது அடிக்கடி இயங்காமல் நின்றுபோகும். அதைச் செய்தவர்கள் எங்கள் டிபக்கரை வைத்துத்தான் கோளாறு தேடுகிறார்கள்.

இந்த வருடம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சோதிக்கப்படாத இயங்குதளங்கள் அடுத்த வெளியீட்டின் ஆதரவுப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அங்கிருந்து எங்கள் குழுவை நடத்தும் கஜானன் வீடியோ அழைப்பில் திரையில் வந்து, அதிலிருந்து தப்ப வழியும் சொன்னார்.

“நிரோ, சும்மா மண்டையை உடைக்காதையும். பெரிய மெசினிலையிருந்து அந்த ஹெடரை உம்மடை மெசினுக்குக் கொப்பி பண்ணிவிடும். எல்லாம் பச்சையா வரும்.”

செய்து பார்த்தாள். எல்லாம் பச்சையாகத்தான் வந்தது. அப்பாடா என்று நான் தேநீர் போட எழும்பினேன். அவள் முகம் மட்டும் தெளியவில்லை. அந்த ஹெடர் சொல்வது பெரிய கணினியின் அமைப்பை. சோதனை நிரலும் டிபக்கரும் அந்த இரவல் கணக்கையே பார்த்து ஒன்றுக்கொன்று ஆமாம் சாமி போட்டன. உண்மையான கருவிக்குள் இருப்பதை இரண்டுமே பார்க்கவில்லை.

அவள் தம்பிக்கு அழைப்பெடுத்தாள்.

“ஜெரிசன், உன்ரை ஆழக்கருவி நிண்டுபோனா என்ன செய்வாய்?”

“நிண்டாப் பரவாயில்லை அக்கா. கயிறு விட்டு ஆழம் பாப்பன். பிழையாக் காட்டினாத்தான் படகைக் கொண்டுபோய்க் கடலுக்கடியிலை இருக்கிற முருகைக்கல்லிலை ஏத்தும். ஏன் கேக்கிறியள்?”

“சும்மா.”

இரவல் ஹெடரை அழித்தாள். ஒவ்வொரு சோதனை நிரலாகத் திறந்து அந்த ஹெடரைக் கேட்கும் வரியை நீக்கி, எல்லா இயங்குதளத்திலும் இருக்கும் பொது ஹெடரைப் போட்டாள். அந்தச் சோதனைகள் முதல் தடவையாக உண்மையில் ஓடின. பாதிக்கு மேல் சிவப்பு. நின்றுபோன நிரல் ஏன் நின்றது என்று கேட்டால், எங்கள் டிபக்கர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுபடி திரையில் வந்த கஜானனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“நான் சொன்னது என்ன, நீர் செய்து வச்சிருக்கிறது என்ன? இவ்வளவு சிவப்போடை இதை அனுப்பினாலும் பட்டியலிலையிருந்து தூக்கிப்போடுவாங்கள்.”

“தூக்கட்டும் அண்ணை.”

“பிறகு உமக்கு இந்த வேலையும் இல்லை. விளங்குதோ?”

வாயை மூடு என்று மேசைக்குக் கீழே அவள் காலைத் தட்டினேன். எனக்குப் பயம். அவளுக்கு அது கிடையாது.

“விளங்குது அண்ணை. பொம்பிளை பாக்க வாறவைக்குப் பக்கத்து வீட்டுக் கதிரையை வாங்கிப் போட்டுக் காட்டுற வேலை எனக்கு வேண்டாம். கதிரைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனா, அதிலை குந்தியிருக்கிறவை நிலத்திலைதான் விழுவினம்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறிக்கையை அனுப்பினாள். அந்த நிமிடம் எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கஜானன் சொன்னது போலவே நடந்தது. புதிய பட்டியலில் அவளுடைய இயங்குதளம் இல்லை. அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் மறுகையில் மவுஸுமாக இருந்து அந்தச் சிவப்புகளைத் திருத்தத் தொடங்கினாள். “பட்டியலிலை இல்லாததுக்கு ஏனடி இவ்வளவு பாடு?” என்று கேட்டேன்.

“கடலிலை இருக்குது கௌரி,” என்றாள்.

நேற்று, அந்தச் சிவப்புகளில் முதலாவது பச்சையாகியது. திரையைப் படம் பிடித்துக் கஜானனுக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

“அண்ணை, இது சொந்தக் கதிரை.”