முந்திக்கொண்ட சிரிப்பு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு மோடா கிடக்கும். அது என் மனைவியின் இடம். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், சினிமாவில் நகைச்சுவை நடிகர். சென்னையில் மறுநாள் படப்பிடிப்பு என்றால் விளக்கேற்றும் நேரத்தில் மணி அடிக்கும். பேசப்போகிற வசனத்தைத் தங்கைக்குச் சொல்லிக் காட்டுவார். அவள் சிரித்தால் அப்படியே வைத்துக்கொள்வார். “ம்” என்றால் மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடுவார். நான் கணக்கு வாத்தியார். எத்தனை முறை சிரிக்கிறாள் என்று அடுத்த அறையிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பேன். மூன்றுக்குக் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் எழுந்து போகிறவர்கள் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டியே பெயர் வாங்கி, நாடகத்துக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்குப் போனார். திரையில் அவர் தலை தெரிந்ததுமே விசில் பறந்த காலம் உண்டு. பிறகு இளையவர்கள் வந்தார்கள். நான்கு காட்சி இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, அந்த ஒன்றிலும் பாதி வெட்டுப்பட்டது. அவர் வருகிற இடத்தை விட்டுவைத்திருப்பார்களா என்ற பயத்தோடுதான் தியேட்டரில் உட்கார்ந்திருப்போம்.

போன வருஷம் ஒரு மாலை, வெகுநாளைக்குப் பிறகு கூப்பிட்டார். “ஒரு டீக்கடை, பாப்பா. நான் டீ ஆத்திக்கிட்டு நிக்கிறேன்” என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுமுனையில் அவர் மெதுவாகச் சொன்னார்: “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா.”

அந்த வேஷத்துக்கு அவர் போகவில்லை. அதன் பிறகு போனும் வரவில்லை. பொங்கலுக்குக்கூட அவர் மனைவிதான் பேசினார். “பாவப்பட்டுச் சிரிச்சேன்னு கண்டுபிடிச்சிட்டாருங்க” என்று இவள் புலம்புவாள். இனி அவர் நடிக்கவே மாட்டாரோ என்ற கவலை எங்கள் இருவரையும் அரித்தது.

சென்ற வாரம் அவர் மனைவி கூப்பிட்டார். “வேஷம் வந்திருக்குங்க. நாளைக்கு ஷூட்டிங். முடியாதுன்னு சொல்லப்போறாராம்.” நீயே பேசேன் என்றேன் இவளிடம். “நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாருங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் என் செல்போன் அடித்தது. மச்சான்தான்.

“மாப்பிள்ளை, ஒரு வசனம். கேக்குறீங்களா? உங்களுக்குத்தான் சிரிப்பே வராது. பொய்யாச் சிரிக்கவும் தெரியாது.”

அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் காவல்காரராம், வாசலில் தூங்குகிறார். திருடன் அவரைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கிறான். இவர் ஒரு கண்ணைத் திறக்கிறார். “செருப்பைக் கழட்டிட்டுப் போப்பா. இப்பத்தான் தொடச்சாங்க. அம்மா பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க.”

எனக்கு வழக்கம்போலச் சிரிப்பு வரவில்லை. “கடைசி வரி வேண்டாமே, மச்சான்” என்றேன்.

“அப்படிங்கிறீங்க?” இன்னொரு முறை, கடைசி வரி இல்லாமல் சொன்னார். “செருப்பைக் கழட்டிட்டுப் போப்பா. இப்பத்தான் தொடச்சாங்க.”

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அடுப்படி வாசலில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றவள் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டாள். கெட்டது போ என்று நினைத்தேன்.

“யாரு, பாப்பாவா?”

“ஆமாம் மச்சான்.”

“முடிச்சப்புறம்தானே சிரிச்சா?”

“முடிச்சு, ரெண்டு எண்ணினதுக்கு அப்புறம்.”

“சரி மாப்பிள்ளை, வைக்கிறேன். காலைல வண்டி அனுப்பச் சொல்லணும்” என்றார்.