பின்னணியத்துப் பூந்தொட்டி

கம்ஹோ சுக்கான் பிடித்து நிற்கும்போது யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சாயங்காலச் சவாரிக்கு வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, மூங்கில் சட்டம் வைத்த கருஞ்சிவப்புப் பாய் விரிவதையும், ஹாங்காங்கின் இரு கரை விளக்குகளும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்குவதையும் பார்ப்பார்கள். அவள் பின்னால் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பாய்மரக் கப்பலில்தான் அவள் பிறந்தாள். அப்பா போனபோது தம்பிகள் சின்னவர்கள். சுக்கான் அவள் கைக்கு வந்தது. அவர்கள் வளர்ந்து கல்யாணம் முடித்து நிமிர்ந்தபோது அவளுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அவளை யாரும் கேட்டு வரவில்லை. வராததைப் பற்றி அவளும் பேசவில்லை.

சவாரிக்கு ஆள் கூட்டிவரும் ஏஜெண்ட் குவோக் கரையில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் சிவப்புப் பூ பூத்த தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "படம் எடுக்க அழகா இருக்கும்" என்று கப்பலின் பின்னணியத்தில், அவள் நிற்கும் பின்கோடியில், வைத்துவிட்டார். படகுவாசிகளிடம் பின்னணியத்தில் பூந்தொட்டி இருந்தால், இந்தப் படகில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்று பொருள். பையன் இருந்தால் புல்தொட்டி. குவோக்குக்கு அது எப்படித் தெரியும்?

சவாரி முடிந்து, புயலுக்கு ஒதுங்கும் துறைக்குள் கப்பல் நுழைந்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது.

"நாத்தனாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதைவிடப் பெரிய தொட்டியா வாங்கியிருப்பேனே!" என்றாள் தம்பி மனைவி யுட்லான்.

"சீக்கிரம் யாராவது வாங்கப்பா, பூ வாடிடப் போகுது!" என்றது பக்கத்துப் படகுக் குரல்.

காது சுடச்சுட கம்ஹோ தொட்டியை எடுக்கக் குனிந்தாள். அப்போது ஷுய்சாங்கின் கஞ்சி விற்கும் படகு வந்து ஒட்டியது. ஷுய்சாங் மனைவியை இழந்தவன். பல வருஷமாக அவளுக்கு மீன்கஞ்சி கொடுப்பவன், "இஞ்சி போடவா?" என்பதற்குமேல் பேசாதவன். அன்று தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வெயில் படுற பக்கமா வைங்க. உப்புத்தண்ணி தெறிச்சா கருகிடும்" என்றான்.

அவள் தொட்டியை எடுக்கவில்லை.

அதன்பின் கஞ்சியோடு செடிக்கு ஒரு குவளை நல்ல தண்ணீரும் வந்தது. துறையில் நல்ல தண்ணீரை யாரும் சும்மா ஊற்றுவதில்லை. கரையெல்லாம் விளக்காக எரியும் நேரத்தில், அந்த வெளிச்சக் காட்டுக்குள் அவனுடைய மங்கல் மஞ்சள் விளக்கு எது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பாய் கனவுபோலப் பெருமூச்சு விடும். கப்பல் தண்ணீரில் போகிறதா, வெளிச்சத்தில் போகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

அப்படி அந்த விளக்கைத் தேடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடந்துபோன பயணப்படகு எழுப்பிய அலைக்கு நேராக முகப்பைத் திருப்ப மறந்தாள். கப்பல் சாய்ந்தது. தொட்டி வழுக்கிக் கடலில் விழுந்தது. சவாரிக்காரர்கள் குஷியாகக் கூச்சலிட்டார்கள். சிவப்பு இதழ்கள் விளக்கு நிழல்களோடு கலந்து போவதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

துறைக்குத் திரும்பினார்கள். ஷுய்சாங் வந்தான். வெறும் பின்னணியத்தைப் பார்த்தான். தொட்டி எடுக்கப்பட்டால் பெண்ணுக்கு வேறிடம் முடிவாகிவிட்டது என்றுதான் அர்த்தம். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தான்.

"இன்னிக்கு இஞ்சி தீந்துபோச்சு" என்று துடுப்பைப் போட்டுத் திரும்பினான்.

 கம்ஹோ அடுப்படிக்கு ஓடினாள். மொட்டும் வெள்ளைப் பூவுமாக கீரையாகச் சமைக்கும் பூண்டுத்தாள் ஒரு கட்டு கிடந்தது. அதை எனாமல் குவளையில் செருகி, எல்லாப் படகும் பார்க்கப் பின்னணியத்தில் வைத்தாள்.

"ஐயோ, அது ராத்திரி சமையலுக்கு வாங்கினதாச்சே!" என்றாள் யுட்லான்.

"ஒருநாள் கீரை இல்லாம சாப்பிடுங்க!"

கம்ஹோவின் குரல் நாலு படகு தாண்டிக் கேட்டது. துடுப்புச் சத்தம் நின்றது. கஞ்சிப் படகு மெல்லத் திரும்பி வந்தது.

"இது பூவா, சமையலா?"

"பூதான்." அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தத் தொட்டி அலையில விழுந்துடுச்சு. நான் எடுக்கலை."

ஷுய்சாங் கொண்டுவந்த நல்ல தண்ணீரை எனாமல் குவளையில் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். பிறகு இஞ்சிக் கிண்ணத்தை வெளியே எடுத்தான்.

மறுநாள் குவோக் முகம் சுளித்தார். "என்னம்மா இது, பூண்டு நாத்தம்? தூக்கிப் போட்டுடவா?"

"கை வைக்காதீங்க" என்றாள் கம்ஹோ.

பாய் விரிந்தது. சவாரிக்காரர்கள் விளக்குகளைப் படம் எடுத்தார்கள். தூரத்தில் ஒரு கஞ்சிப் படகு ஆடிக்கொண்டே போனது. அதன் பின்னணியத்தில், பழைய எண்ணெய்த் தகரத்தில், கரையிலிருந்து பிடுங்கி வந்த ஒரு கொத்துப் புல் காற்றில் அசைந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.