ஐந்து நட்சத்திரம்

நகராட்சியின் குறைதீர்ப்புச் செயலிக்கு வரும் புகார்களை முடித்துவைப்பதுதான் அவள் வேலை. தீர்ப்பது வேறு ஆட்களின் வேலை. அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆறு வருடமாக அவளுக்கும் பிடிபடவில்லை. மூன்று நாளைத் தாண்டிய புகார் திரையில் சிவப்பாகும். சிவப்பைக் கண்டால் மேலாளர் எழுந்து வந்துவிடுவார். அதனால் இரண்டாம் நாள் மாலையே ‘சரிசெய்யப்பட்டது’ என்று அழுத்திவிடுவாள்.

போன மாதம் அவள் வீட்டு வாசலில் சாக்கடை மேல் போட்டிருந்த ஸ்லாப் உடைந்து, மாமியார் காலை உள்ளே விட்டு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். "ஊரார் புகாரெல்லாம் பாக்குற, நம்ம வாசல் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கடுகடுத்த கணவன், அவனே படமெடுத்துச் செயலியில் போட்டான்.

மறுநாள் அது அவள் திரைக்கே வந்தது. படத்தின் ஓரத்தில் மாமியாரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. முதல்முறையாகப் பொறியாளரின் அறையைத் தேடிப்பிடித்துப் போய்க் கேட்டாள்.

"ஸ்லாப் ஸ்டாக் இல்லம்மா. நீங்க க்ளோஸ் பண்ணிடுங்க, எப்பவும் பண்றதுதானே."

அடுத்த நாள் மாலை அழுத்தினாள்.

வீட்டில் சாப்பிடும்போது கணவனின் ஃபோனுக்குச் செய்தி வந்தது: உங்கள் குறை தீர்ந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"எவன் மனசாட்சி இல்லாம இதை முடிச்சான்? ஒரு ஸ்டார்தான் போடுவேன்."

அவள் ஃபோனை வாங்கி ஐந்தையும் அழுத்தினாள்.

"ஒண்ணு போட்டா திரும்பவும் என் மேசைக்குத்தாங்க வரும்."